கியர் ஆயில் ஹோஸ் மாற்றிய வாரம்

வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருப்பதை முதலில் பார்த்தவள் என் மனைவி. காலையில் வாசல் பெருக்கப் போனவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"வண்டிக்குக் கீழ இன்னாவோ ரத்தமாட்டம் இருக்குது. வந்து பாருங்க."

ராத்திரி ஏதோ நாயோ பூனையோ அடிபட்டு வந்து படுத்திருக்கும் என்று அவள் நினைத்துவிட்டாள். நான் கட்டைக்காலை மாட்டிக்கொண்டு வெளியே போனதும் விரலால் அதைத் தொட்டு எடுத்து என் மூக்கருகே நீட்டினாள். எண்ணெய்தான். சிவப்பு எண்ணெய், லேசாகக் கருகிய வாசனை.

என்னால் குனிந்து வண்டியின் அடியைப் பார்க்க முடியாது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போய் ஆறு வருடம் ஆகிறது. செஞ்சிப் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் பத்திரம் எழுதுவது என் தொழில். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் காலோடு சேர்ந்து பிழைப்பும் போய்விடவில்லை. ஆனால் பத்திர வேலை என்பது மேஜையோடு முடிகிற ஒன்று இல்லை. தளவானூரில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாக இருப்பார், அவரிடம் விவரம் கேட்கப் போகவேண்டும். தொண்டூரில் நான்கு அண்ணன் தம்பிகள் பாகம் பிரிப்பார்கள், நிலத்தை நேரில் பார்க்காமல் நான்கெல்லை எழுத எனக்கு மனம் வராது. கால் போன பிறகு மூன்று வருடம் யாராவது வந்து கூட்டிப்போனால்தான் போவேன். பிறகுதான் இந்த வண்டியை வாங்கினேன். புதுச்சேரியில் ஒரு டாக்டர் எட்டு வருடம் ஓட்டிய, உயரமான, ஜீப் மாதிரியான வண்டி. ஆட்டோமேட்டிக் கியர். கிளட்ச் கிடையாது, வலது கால் மட்டும் போதும். சின்னக் கார்களில் உட்கார்ந்தால் கட்டைக்காலை மடக்கி எழுந்திருப்பதற்குள் உயிர் போய்விடும். இதில் அப்படியே இறங்கி நிற்கலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டி, லைசென்ஸில் மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு, முதல் தடவை நானாக ஓட்டிவந்த அன்று, திண்டிவனம் சாலையில் காரணமே இல்லாமல் பத்துக் கிலோமீட்டர் போய்த் திரும்பினேன்.

அந்த வண்டிதான் இப்போது வாசலில் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று அதிலேயே வேலைக்குக் கிளம்பினேன். கியரை நகர்த்தியதும் உடனே கிளம்புகிற வண்டி, இரண்டு மூன்று நொடி யோசித்துவிட்டு ஒரு உதறு உதறிக் கிளம்பியது. திருவண்ணாமலைச் சாலையின் லேசான ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தது, வண்டி நகரவில்லை. அங்கிருந்து எப்படியோ உருட்டி மெக்கானிக் ஷெட்டில் கொண்டுபோய் விட்டேன்.

மெக்கானிக் அனந்தபுரத்துக்காரர். நாற்பது வயதுக்குள் இருப்பார். அதிகமாக வருவது லோடு வண்டிகளும் டிராக்டர்களும்தான். அவர் கை வைத்த ஒரே ஆட்டோமேட்டிக் வண்டி என்னுடையது. அதனாலேயே அதன்மேல் அவருக்கு ஒரு பயம் கலந்த பிரியம். அடியில் நின்று வேலை செய்வதற்காக வெட்டியிருந்த பள்ளத்தின் மேல் வண்டியை ஏற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"கியர் பாக்ஸ்ல இருக்கற ஆயிலு ஓட ஓட சூடாவும் சார். அது முன்னாடி ரேடியேட்டருக்குப் போயி ஆறிட்டுத் திரும்ப வரணும். போறதுக்கு ஒரு பைப்பு, வர்றதுக்கு ஒரு பைப்பு. ரெண்டுமே போயிடுச்சி."

பாதி இரும்புக் குழாய், பாதி ரப்பர் ஹோஸ். இரண்டும் சேருகிற இடத்தில் எண்ணெய் கசிந்து ரப்பர் ஊறிப்போயிருந்தது. கியர் பாக்ஸில் மாட்டுகிற முனையில் முறுக்கி இறுக்குகிற மரை கிடையாது, வெறும் பிளாஸ்டிக் லாக். அதுவும் தளர்ந்திருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார். சென்னையிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வந்தாலும் அதே பிளாஸ்டிக் லாக்தான், அதே இடத்தில்தான் மறுபடி போகும் என்பது அவருடைய கணிப்பு. அதைவிட, ஜே.சி.பி.க்குப் போடுவது போல உள்ளே கம்பி பின்னிய ஹோஸ் போட்டு, இரண்டு பக்கமும் மரை போட்ட ஸ்டீல் முனை வைத்து அழுத்திக் கொடுத்தால், வண்டி இருக்கிற வரைக்கும் கவலை இல்லை என்றார்.

"அழுத்தற மிஷினு நம்ம ஊர்ல ஒருத்தர் கிட்டதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் கை துடைக்கிற துணியைத் தேட ஆரம்பித்தார்.

யார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அனந்தபுரத்தில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. சாலையின் ஓரத்தில், பாதி சாலையை அடைத்துக்கொண்டு, கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் நின்றிருந்தது. பின்னால் விளக்கு இல்லை. ஒரு கல் இல்லை, ஒரு தழை கட்டவில்லை. நான் நேராகப் போய் அதில் மோதினேன். பைக்குக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் நடுவில் என் கால் மாட்டிக்கொண்டது. நான்காவது நாள் ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள்.

அந்த டிராக்டரின் சொந்தக்காரரும் டிரைவரும் ஒருவரேதான். எங்கிருந்தோ ஓடிவந்து என்னைத் தூக்கியவரும் அவர்தான். ஒரு லோடு வண்டியின் பின்பக்கத்தில், அவர் மடியில் என் தலை இருந்தது. அவர் சட்டையின் டீசல் வாசனை மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு வழக்கு நடந்தது. விளக்கு இல்லை என்று நான் சொன்னேன். ஆமாம், இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். தண்டனை விதித்தார்கள், முடிந்தது. அவர் டிராக்டரை விற்றுவிட்டு ஹோஸ் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். சின்ன ஊர். அந்த ஆறு வருடத்தில் மூன்று தடவை அவரை எதிரில் பார்த்திருக்கிறேன், மூன்று தடவையும் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் மனைவி அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் வாய்க்குள் ஏதாவது சொல்வாள். சில நாள் எனக்குக் கேட்கும்படியாகவே, "இவன் வெளங்கவே மாட்டான்" என்பாள்.

மெக்கானிக்கிடம் திண்டிவனத்தில் கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் அளவு எடுக்கிறவர் வண்டியைப் பார்த்து எடுத்தால்தான் சரியாக வரும், ஹோஸ் ஒரு விரல் அகலம் குறைந்தாலும் இழுத்துக்கொள்ளும், நீண்டால் சைலன்சரில் பட்டு உருகும் என்று விளக்கினார். கடைசியாகத் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"இது தப்பாப் போச்சின்னா கியர் பாக்ஸே போயிடும் சார். யார் கையிலயோ குடுத்துட்டு வர எனுக்குப் பயமா இருக்குது. அவுரு வேலை சுத்தமா இருக்கும். அப்பறம் உங்க இஷ்டம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த இரண்டு நாள் ஷேர் ஆட்டோதான். அதன் படியில் ஏறும்போது முதலில் எந்தக் காலை வைப்பது என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. பின்னால் நிற்கிறவர்கள் பொறுமையாகத்தான் நின்றார்கள், ஒருவர் இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டார். அந்த அன்பு எனக்கு எரிச்சலாக இருந்தது. தொண்டூர்க்காரர்கள் நிலம் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள், அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். இரண்டாம் நாள் சாயங்காலம் கட்டைக்காலைக் கழற்றியபோது உராய்ந்த இடத்தில் தோல் வழன்றிருந்தது. மனைவி ஒன்றும் சொல்லாமல் மருந்து போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை அவளுக்குத் தெரியாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "அவரையே வரச் சொல்லுங்க" என்றேன்.

நான் ஷெட்டுக்குப் போனபோது அவர் முன்பே வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கோர்ட்டுக்குப் பிறகு அவரை நான் சரியாகப் பார்த்ததே இல்லை, நினைத்து வைத்திருந்த ஆள் இன்னும் பருமனானவர். இவர் ஒடிசலாக, காதோரம் நரைத்து, தோளில் ஒரு டூல்ஸ் பையோடு நின்றார். "வணக்கம் சார்" என்றார். நானும் சொன்னேன். வண்டியைப் பாருங்கள் என்பது போலக் கையைக் காட்டினேன். அவர் சட்டென்று வண்டியின் அடியில் போய்விட்டார், அது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

மெக்கானிக் சொன்னது சரிதான், வேலை சுத்தம். பழைய குழாய் இரண்டையும் கழற்றி வெளியே வைத்தார். ரப்பரைக் கத்தியால் நீளவாக்கில் கீறிப் பிரித்துக் காட்டினார். உள் பக்கம் உரிந்து, தோல் தோலாகத் தொங்கியது. அந்தத் துணுக்குகள்தான் எண்ணெயில் சுற்றிக்கொண்டிருந்திருக்கின்றன, இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் கியர் பாக்ஸ் அடைத்திருக்கும் என்றார். என்னிடம் சொல்லவில்லை, மெக்கானிக்கிடம் சொன்னார். பிளாஸ்டிக் லாக்கைத் தாங்கியிருந்த முனையைக் கழற்றிவிட்டு, அது இருந்த கியர் பாக்ஸ் துளையின் மரையை ஒரு சீப்பு மாதிரியான அளவுத் தகட்டை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு மெல்லிய கம்பியை எடுத்து, கியர் பாக்ஸிலிருந்து ரேடியேட்டர் வரை ஹோஸ் எந்த வழியாகப் போகவேண்டுமோ அப்படியே வளைத்து வளைத்துக் கொண்டுபோனார். சைலன்சரிலிருந்து நான்கு விரல் தள்ளி, சக்கரம் திரும்பினாலும் படாமல். அந்தக் கம்பியை வளைவு கலையாமல் கையில் ஏந்திக்கொண்டு மொபெட்டில் போனதைப் பார்த்தால் பாம்பு பிடித்துக்கொண்டு போகிறவர் மாதிரி இருந்தது.

மறுநாள் மதியம் இரண்டு ஹோஸ்களோடு வந்தார். கறுப்பு, விரல் கனம், இரண்டு முனையிலும் பளபளவென்று ஸ்டீல். சூட்டுக்காக மேலே ஒரு உறையும் போட்டிருந்தார். மெக்கானிக் ரேடியேட்டருக்குள் நின்ற பழைய எண்ணெயைக் காற்றடித்து வெளியேற்றி வைத்திருந்தார். ஹோஸைக் கொடுத்துவிட்டுப் போகலாம், மாட்டுவது மெக்கானிக் வேலை. ஆனால் அவர் தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். கியர் பாக்ஸ் அலுமினியம் என்பதால் முரட்டுத்தனமாக முறுக்கினால் மரை உரிந்துபோகும் என்றார். சரி என்று மெக்கானிக் புது எண்ணெய் வாங்கிவரக் கிளம்பினார். மூன்று மணிக்கு மேல் கோட்டை மலையின் நிழல் ஷெட்டுக்குள் வந்துவிடும், வெயில் இல்லை. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த முறை வண்டி பள்ளத்தின் மேல் இல்லை, முன்பக்கத்தை மட்டும் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அவர் மல்லாக்கப் படுத்து அடியில் போயிருந்தார். அவருடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

வெகுநேரம் ஸ்பேனர் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா?"

சொல்லுங்கள் என்றேன்.

"அன்னிக்கி வண்டிய நான் சும்மா நிறுத்தல சார். ஸ்டீரிங் ஹோஸ் வெடிச்சிடுச்சி. ஆயிலு மொத்தமும் ரோட்ல. லோடு வண்டி, ஸ்டீரிங்க திருப்பவே முடியல. பழைய ஹோஸுதான்னு எனுக்கு முன்னாடியே தெரியும். சீசன் முடியட்டும், மாத்திக்கலாம்னு இருந்தன்."

மீதியையும் சொன்னார். ஹோஸும் ஆயிலும் வாங்க நடந்து போனாராம். பின்னால் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போயிருக்கலாம், அவசரத்தில் அது தோன்றவில்லை. பாதி வழியில் திரும்பிப் பார்த்திருக்கிறார், அப்போதுதான் சத்தம் கேட்டிருக்கிறது. அதன் பிறகு டிராக்டர்மேல் ஏறி உட்கார முடியவில்லை. விற்றுவிட்டு இந்த மெஷினை வாங்கிப் போட்டார். டிராக்டர்காரர்கள் யாராவது கடைப் பக்கம் வந்தால், கேட்காமலே ஸ்டீரிங் ஹோஸைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாராம்.

"கோர்ட்ல இதைச் சொல்லலையே நீங்க" என்றேன்.

"அவுங்க கேக்கல சார். லைட்டு இருந்துச்சான்னு கேட்டாங்க. இல்லன்னன். அது நெசந்தானே."

என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள். நானும் உண்மையைத்தான் சொன்னேன். ஒரு பத்திரத்தில் எழுதியிருக்கிற ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தாலும், எழுதாமல் விட்ட ஒரு வரியால் அது பொய்ப் பத்திரம் ஆகிவிடும். என் தொழிலில் இது எனக்குத் தெரியாதது இல்லை. அந்தச் சாயங்காலம் டிரெய்லர் கண்ணில் படவேண்டிய நேரத்தில் நான் சாலையைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் போன் அடித்தது. இடது கையால் எடுத்து யார் என்று பார்த்தேன். திரையில் 'வீடு' என்று இருந்தது. நிமிர்ந்தபோது கரும்பு என் முகத்துக்கு நேராக இருந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் கூப்பிட்டதால்தான் என்று ஆகிவிடும், அதைத் தாங்கமாட்டாள் என்று எனக்கு நானே காரணம் வைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை. எல்லோரும் ஒருவரைக் குற்றம் சொல்லிக்கொண்டு என்னைப் பாவம் என்று பார்த்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது, அது மீதி.

அவர் முகம் தெரிந்திருந்தால் நான் சொல்லியிருக்கமாட்டேன். அந்த இரண்டு கால்களைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"நானும் ஒண்ணு சொல்லணும். அந்த நேரத்துல நான் ரோட்டைப் பாக்கல. போன் வந்துச்சி, யாருன்னு எடுத்துப் பாத்துக்கினு இருந்தேன்."

ஸ்பேனர் நின்றது. சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் மெல்ல வெளியே நகர்ந்து வந்து தரையிலேயே உட்கார்ந்தார். நெற்றியில் சிவப்பாக எண்ணெய் வழிந்திருந்தது. துடைக்கவில்லை.

"எவ்ளோ நேரம் பாத்தீங்க சார்?"

"ரெண்டு நொடி. மூணு நொடி இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். மனதுக்குள் தூரத்தைக் கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். எழுந்து மூலையில் இருந்த குழாய்க்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். வேலை இன்னும் முடியவில்லை, மறுபடி அதே எண்ணெயில்தான் கை வைக்கவேண்டும். இருந்தாலும் வெகுநேரம் கழுவினார். நான் திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி வந்து நின்றார்.

"லைட்டு போட்டிருந்தா அந்த ரெண்டு நொடி இருந்தும் தப்பிச்சிருப்பீங்க சார். அது மாறாது." அப்புறம் குரலை இறக்கி, "என் வீட்டுக்காரி கிட்ட மட்டும் இதைச் சொல்லிக்கட்டுமா?" என்று கேட்டார்.

என்னிடம் அனுமதி கேட்கிறார் என்பது புரிய எனக்கு ஒரு கணம் ஆனது. சொல்லுங்கள் என்றேன். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றும் சொன்னேன். அவர் வேண்டாம் என்பது போலத் தலையசைத்துவிட்டு மறுபடி அடியில் போனார்.

மெக்கானிக் எண்ணெயோடு வந்தபோது இரண்டு ஹோஸும் மாட்டி முடிந்திருந்தன. ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, நான் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு கியரை ஒவ்வொரு இடமாக நகர்த்தினேன். ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னார்கள். புது ஹோஸுக்குள் எண்ணெய் நிரம்பியதும் அளவு இறங்கியது, மறுபடி ஊற்றினார்கள். மூன்று பேருமாகத் திருவண்ணாமலைச் சாலையில் இருபது கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். அந்த ஏற்றத்தில் வண்டி சத்தமில்லாமல் ஏறியது. பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் வழி முழுக்க ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்தபடி வந்தார். ஷெட்டுக்குத் திரும்பியதும் ஒரு வெள்ளைத் துணியால் ஒவ்வொரு முனையாக ஒற்றி எடுத்து என்னிடம் காட்டினார். துணியில் ஒன்றும் இல்லை. சூட்டில் ஓடி ஆறிய பிறகு ஒரு தடவை பார்த்தால்தான் நம்பலாம், அடுத்த வாரம் கடைப்பக்கம் கொண்டுவாருங்கள் என்றார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் எனக்கு உறைத்தது. அவர் மனைவியிடம் சொல்வார். அது கடைவீதியில் ஒரு வாய் மாறி இன்னொரு வாய்க்குப் போய் என் வீட்டுக்கு வருவதற்கு எத்தனை நாள் ஆகும்? அதற்கு முன்னால் நான் சொல்லியாகவேண்டும்.

என் மனைவி சத்துணவு மையத்தில் வேலை செய்கிறாள். வந்ததும் குளித்துவிட்டு, காய்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். முதலில் ஹோஸ் யார் போட்டது என்று சொன்னேன். அவள் முகம் மாறியது, ஆனால் மடிப்பது நிற்கவில்லை. பிறகு போனைப் பற்றிச் சொன்னேன். நீ கூப்பிட்டாய் என்று சொல்லாமல், ஒரு போன் வந்தது என்று மட்டும் சொன்னேன்.

அவள் ஒரு துண்டை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"நாந்தானே பண்ணன். தயிரு வாங்கியாரச் சொல்ல."

துண்டைக் கட்டிலில் வைத்தாள்.

"ரிங்கு போயிக்கினே இருந்துச்சி. டக்குனு நின்னுடுச்சி. நீங்கதான் கட் பண்ணீங்கன்னு நெனச்சன். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் உங்க நம்பர்ல இருந்தே அந்த ஆளு கூப்ட்டான். அம்மா, பயப்படாதீங்க, உசுரு இருக்குதுன்னான். அப்பவே எனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா?"

ஆறு வருடமாக அவள் அந்தக் கடையைத் தாண்டும்போது சொன்ன வார்த்தைகள் எல்லாம் எனக்குள் வேறு அர்த்தத்தில் கேட்கத் தொடங்கின. நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் மௌனத்தைப் பார்த்து, கோபத்தால்தான் நான் சொல்லாமல் இருக்கிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். கட்டைக்காலைக் கழற்றி மருந்து போடும்போதெல்லாம் அவள் ஏன் ஒன்றும் பேசமாட்டாள் என்பதும் அன்றுதான் புரிந்தது. உன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை என்றேன். அது அவளுக்கு இப்போது போதுமானதாக இல்லை.

"அந்த ஆளை நான் திட்டுனதை எல்லாம் இன்னா பண்றது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வேன் என்று காத்திருந்தது போலத்தான் இருந்தது. பிறகு அவள் அழுதாள், நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். துணிகள் அன்று மடிக்கப்படாமலே கிடந்தன. அதன் பிறகு மூன்று நாள் எங்களுக்குள் தேவைக்கு மேல் பேச்சு இல்லை. கோபம் என்று சொல்லமுடியாது. இரண்டு பேரும் களைத்துப்போயிருந்தோம்.

அடுத்த வாரம் திண்டிவனத்தில் அவள் அக்கா பேத்திக்குக் காது குத்து. கிளம்பும்போது, போகிற வழியில் ஹோஸைக் காட்டிவிட்டுப் போகவேண்டும் என்றேன். சரி என்றாள். கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் வெளியே வந்தார். முன் சீட்டில் அவளைப் பார்த்து ஒரு நொடி தயங்கினார். வணக்கம் சொன்னார். அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு சாக்கை விரித்துப் படுத்து அடியில் பார்த்தார். டார்ச் வெளிச்சம் தரையில் இங்கும் அங்கும் போனது. எழுந்து வந்து எல்லாம் காய்ந்து கிடக்கிறது, ஒரு சொட்டு இல்லை, பயமில்லாமல் எவ்வளவு தூரமும் போகலாம் என்று என்னிடம் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டுக் கியரில் கை வைத்தேன்.

"இருங்க" என்றாள் அவள். கண்ணாடியை இறக்கினாள்.

"உங்களுக்கு எத்தினி புள்ளைங்க?"

"ரெண்டு பொண்ணும்மா. பெரியவ நர்சிங் படிக்கறா. சின்னவ பன்னண்டாவது."

"வீட்ல அவுங்க நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்கறாங்கம்மா."

அவள் காதுகுத்துக்காக வாங்கி மடியில் வைத்திருந்த பூப்பொட்டலத்தைப் பிரித்து, அதில் பாதியைக் கிள்ளி பொட்டலத்து வாழை இலையில் ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றி ஜன்னல் வழியாக நீட்டினாள். அவர் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வண்டி திண்டிவனம் சாலைக்குத் திரும்பியதும், காது குத்துகிற நேரம் தாண்டிவிடப்போகிறது, கொஞ்சம் வேகமாகப் போங்கள் என்றாள்.